விழித்தெழும் நேரத்துப் பாட்டு



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே வைத்தியசாலைக் கதை எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பாட்டு மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்வி இலக்கியகாரருக்கும் வைத்தியருக்கும் பொதுவானது என்பதே என் விடை. இதே கேள்வியைச் சங்கீத சபையிலே கேட்டால் புகழுரைதான் பதிலாகக் கிடைக்கும். கல்லும் கரையும், கன்றும் பசுவும் மெய்ம்மறக்கும் என்பார்கள். மனநோய்க்குக் கடுமையான சிகிச்சை பெற்று அரைமயக்கத்திலே கண்விழிக்கும் ஒருவருடைய கட்டிலருகே நின்று கேட்டால் அந்தப் புகழுரை உதவாது. அங்கே பாட்டு ஏதாவது செய்கிறதா, செய்கிறதென்றால் எதனாற் செய்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்தக் கட்டிலைச் சற்றுப் பார்ப்போம். எங்கள் சனங்கள் ‘கறண்ட் வைக்கிறது’ என்று பயத்தோடு சொல்லும் மின்வலிப்புச் சிகிச்சை, 1938 ஆம் ஆண்டிலே உரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு வைத்தியர்களால் முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தில் மயக்க மருந்து கொடுப்பதில்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. சனங்களின் பயம் அந்தக் காலத்திலிருந்து வந்த பயம். இன்று முறையாகச் செய்யப்படும் இடங்களில் மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. மயக்க மருந்தின்றி இச்சிகிச்சையை அளிப்பதை இந்தியா 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்தது. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவையாக, ஆறு முதல் பன்னிரண்டு தடவை வரை கொடுப்பது வழக்கம். உண்ணாமலும் பேசாமலும் விறைத்துக் கிடப்பவருக்கும், கடும் மனச்சோர்வினால் உயிரையே வெறுத்துவிட்டவருக்கும் இது பலன் தருகிறது என்பதில் வைத்திய உலகில் இன்று பெரிய ஐயமில்லை. ஞாபக மறதி பற்றிய முறைப்பாடும் உண்மையானதே.

நான் சொல்ல வந்தது சிகிச்சைக்கு அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றி. மயக்கம் தெளியும்போது நோயாளி தன் பெயரைச் சொல்லக்கூடும். எங்கே இருக்கிறீர்கள் என்றால் தடுமாறுவார். இன்று என்ன நாள் என்றால் இன்னும் தடுமாறுவார். தலையிடி இருக்கும், உடம்பு நோகும். சிலர் மட்டும் மிகவும் பதறிப்போய்க் கட்டிலை விட்டு எழுந்தோட முனைவார்கள். ஊரும் காலமும் இன்னும் கைக்கு வராத அந்த வேளையில் முதலிற் காதில் விழுவது எது? உலோகத் தட்டுகள் மோதும் சத்தம், வண்டிச் சில்லின் கீச்சொலி, சிலவேளை தனக்கு விளங்காத மொழியிலே யாரோ இடும் கட்டளை. இந்த இடத்திலேதான் இசையைக் கொண்டுவரலாமா என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத், 1963 ஆம் ஆண்டு இலண்டனில் விக்டோரியா லூகஸ் என்ற புனைபெயரில் ‘த பெல் ஜார்’ என்ற நாவலை வெளியிட்டார். பத்து வருடங்களுக்கு முன்னர், தம்முடைய இருபதாவது வயதையொட்டித் தாமே அனுபவித்த சிகிச்சையின் நிழல் அதில் உண்டு. கதைநாயகி எஸ்தருக்கு முதலிற் கிடைத்த மின்சிகிச்சை கொடிய தண்டனையாக அமைகிறது. பின்னர் வேறொரு வைத்தியசாலையிலே, ஒருநாட் காலை எல்லாருக்கும் சாப்பாட்டுத் தட்டு வருகிறது, அவளுக்கு மட்டும் வரவில்லை. தட்டு வராவிட்டால் சிகிச்சை என்று பொருள். அவள் நடுங்கிப்போகிறாள். அவள் நம்பியிருந்த பெண் வைத்தியர் நோலன் வந்து, முதல்நாளே சொன்னால் இரவெல்லாம் உறங்கமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை, நானே கூட வருகிறேன் என்று கூறி அழைத்துச் செல்கிறார். விழிக்கும்போதும் அவர் பக்கத்தில் இருக்கிறார். இரண்டாவது தடவை சிகிச்சை அவளுக்குத் தண்டனையாக இருக்கவில்லை. நாவலின் அந்த இடத்திற் பாட்டு எதுவும் இல்லை. தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. இதை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இசையால் மனநோயைத் தணிக்கும் எண்ணம் மிகப் பழையது. சவுல் மன்னனுக்கு முன்பாகத் தாவீது யாழ் வாசித்த கதையைத் திருமறை வாசிப்பவர்கள் அறிவார்கள். துருக்கியின் எடிர்னே நகரிலே சுல்தான் இரண்டாம் பயசீத் கட்டுவித்த வைத்தியசாலை 1488 இல் நிறைவுற்றது. அதன் மண்டபம் ஆறு பக்கங்கொண்டது. மேலே குவிமாடம், நடுவே நீரூற்று. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி, பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப் பேர் வாரத்துக்கு மூன்று முறை நோயாளிகளுக்காக வாசித்ததை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டடம் இப்போது மருத்துவ அரும்பொருட்சாலையாக விளங்குகிறது.

ஸ்பானிய மன்னன் ஐந்தாம் பிலிப்பின் கதை வேறு மாதிரியானது. மனச்சோர்வினால் குளிக்காமலும் உடை மாற்றாமலும் படுக்கையை விட்டெழாமலும் கிடந்த மன்னனுக்காக, ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்த பாடகர் பாரினெல்லியை அரசி 1737 இல் வரவழைத்தார். 1746 இல் மன்னன் இறக்கும்வரை இரவுக்கிரவு, பெரும்பாலும் அதே சில பாட்டுகளையே அவர் பாடினார் என்பர். மன்னன் எழுந்தான், முகம் மழித்தான், அரச சபைக்கும் போனான் என்று இசைப் பிரியர்கள் கதையை அவ்வளவில் நிறுத்திவிடுவார்கள். நோய் தீரவில்லை என்பதே உண்மை. பாட்டு முடிந்ததும் மன்னன் தானும் அவ்வாறு பாட முயன்று ஊளையிடுவான் என்று அக்காலப் பிரித்தானியத் தூதுவர் எழுதிய குறிப்பும் இருக்கிறது. ஒன்பது வருடங்கள்! பொதுமேடையை விட்டே விலகிப்போன அந்தப் பாடகருக்காகவும் நாம் கொஞ்சம் இரக்கப்படலாம்.

மன்னர்களை விட்டு ஏழைகளிடம் வருவோம். பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளராகக் கொண்டாடப்பட்ட எட்வர்ட் எல்கார், இருபதுகளின் தொடக்கத்திலே, 1879 முதல் 1884 வரை வூஸ்டர் நகருக்கு அண்மையிலுள்ள பௌவிக் மனநோய் இல்லத்தின் வாத்தியக்குழுத் தலைவராக இருந்தார். குழுவில் வாசித்தவர்கள் பெரும்பாலும் அந்த இல்லத்தின் பணியாளர்களே. கிடைத்த வாத்தியங்களுக்கும் வாசிப்பவர்களின் திறமைக்கும் ஏற்றபடி நடன மெட்டுகளை எல்கார் எழுதிக்கொடுத்தார். வாரந்தோறும் நோயாளிகள் அவற்றுக்கு ஆடினார்கள். பகலிற் கதவைப் பூட்டுபவரும் சோறு போடுபவரும் மாலையில் குழலும் கொம்பும் ஊதுகிறார்கள், பூட்டப்பட்டவர்கள் ஆடுகிறார்கள். அந்தக் காலத்து ஏழைப் பைத்தியக்காரருக்கு எந்த மருந்தும் பெரிதாகக் கிடையாது. அந்த மாலைப்பொழுதிலே இரு பகுதியாரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி, இந்த விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். மின்சிகிச்சைக்குச் சற்று முன்னரே இன்சுலின் மயக்கச் சிகிச்சை வந்துவிட்டது. வியன்னாவிலே மன்பிரட் சாக்கெல் என்ற வைத்தியர் 1933 இல் இதனை வெளியிட்டார். நோயாளிக்கு இன்சுலின் மருந்தை அதிகம் ஏற்றி, இரத்தத்திலே சர்க்கரையைக் குறைத்து, ஆழ்ந்த மயக்கத்தில் விழச் செய்வார்கள். பின்னர் குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவார்கள். வாரத்தில் ஐந்தாறு நாட்கள், சிலருக்கு இரண்டு மாதங்கள் வரை இது நடக்கும். எழும்பும் நோயாளி வியர்த்து நனைந்து, பெரும் பசியோடு, குழந்தையைப் போலத் தாதியின் கையைப் பற்றிக்கொள்வார். ஆபத்தான சிகிச்சை. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அருகிலே தாதியர் விழிப்பாக இருக்க வேண்டும். உடை மாற்றுவார்கள், ஊட்டுவார்கள், பேச்சுக் கொடுப்பார்கள், பின்னேரங்களில் விளையாடவும் நடக்கவும் கூட்டிப்போவார்கள். பெரிய மனநோய் இல்லங்களிலே ஆயிரம் பேருக்குள் ஒருவராகக் கிடந்தவருக்கு வாழ்க்கையிற் காணாத கவனிப்பு அது.

பலர் தேறினார்கள் என்று உலகம் முழுவதும் நம்பப்பட்டது. 1957 ஆம் ஆண்டு இலண்டனில் அக்னர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இன்சுலின் மயக்கம். மற்றப் பகுதியினருக்கு வேறொரு உறக்க மருந்தினால் உண்டாக்கிய மயக்கம். இரு பகுதியினருக்கும் ஒரே கவனிப்பு. தேறியவர்களின் தொகையில் இரு பகுதிக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இன்சுலினுக்கென்று தனிச் சக்தி எதுவும் இருக்கவில்லை! அந்தச் சிகிச்சை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 1952 இல் வந்த குளோர்புரோமசீன் மருந்தும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விழித்தபோது பற்றிக்கொள்ளக் கிடைத்த கைதான் இவ்வளவு காலமும் வேலை செய்ததோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. எனக்கும் அதே ஐயம் உண்டு.

இதே 1940களிலும் 1950களிலும் அமெரிக்க வைத்தியசாலைகள் சிலவற்றில் இத்தகைய சிகிச்சைகளின் முன்னும் பின்னும் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார்கள். இசைச் சிகிச்சை ஒரு தொழிலாகவே உருவானது அப்போதுதான். 1944 இல் மிச்சிகன் அரச கல்லூரியிலே அதற்கான முதற் பாடநெறி தொடங்கியது. 1950 இல் அமெரிக்காவிலே தேசிய சங்கம் அமைந்தது. 1958 இல் ஜூலியட் அல்வின் என்ற செலோ வாத்தியக் கலைஞர் பிரித்தானியாவில் ஒரு சங்கத்தைத் தொடக்கினார்.

இவர்களுள் மிச்சிகனின் எலோயிஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஐரா அல்ட்ஷூலர் என்ற மனநோய் வைத்தியர் கண்டு சொன்ன ஒரு விடயம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையிலேயே தொடங்க வேண்டும், பிறகு படிப்படியாக வேண்டிய திசைக்கு மாற்றிச் செல்ல வேண்டும் என்றார் அவர். சோர்ந்து கிடப்பவருக்குத் துள்ளல் மெட்டைப் போட்டால் அது அவர் காதில் ஏறாது. ஆரவாரமாக இருப்பவருக்குத் தாலாட்டைப் போட்டாலும் ஏறாது. முதலிற் சோர்ந்தவரோடு சோர்ந்து நடக்க வேண்டும், துள்ளுபவரோடு துள்ள வேண்டும்.

அமெரிக்க வைத்தியர் நூலிலே எழுதிய இதனை எங்கள் பெண்கள் எழுதாமலே செய்து வந்திருக்கிறார்கள். வீரிட்டழும் பிள்ளையைத் தாய் எப்படி உறங்க வைக்கிறாள்? எடுத்த எடுப்பிலே மெல்லிய குரலில் ஆராரோ பாடுவதில்லை. தோளிற் போட்டு முதுகிலே படபடவென்று தட்டுகிறாள். குரலையும் பிள்ளையின் அழுகைக்குச் சமமாக உயர்த்துகிறாள். பிள்ளை ஒரு கணம் திகைத்து அடங்கும்போதுதான் தட்டு மெதுவாகிறது, குரல் தாழ்கிறது. செத்தவீட்டை எண்ணிப் பாருங்கள். படலையடியிலே வரும்போதே குரலெடுத்துக்கொண்டு வரும் பெண்கள், இழவு கொண்டவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்கிறார்கள். அழாதே என்று யாரும் முதலிற் சொல்வதில்லை. அவளுடைய துக்கத்தின் உயரத்துக்கே ஏறி நின்று, அவளோடு அழுது, அவளுடைய சொல்லையே வாங்கித் திருப்பிச் சொல்லி, அப்புறந்தான் இறங்குகிறார்கள். தேநீர் குடி என்று அவளிடம் சொல்லத்தக்க நேரம் அதன் பிறகே வருகிறது. ஒப்பாரியை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளும் படித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதன் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிப் பார்த்தால், விடுதியின் சுவரிலே ஒலிபெருக்கியைப் பொருத்தி நாள் முழுவதும் ‘இதமான’ இசையை ஒலிக்கவிடுவது இசைச் சிகிச்சை ஆகாது. அது விடுதியைச் சாந்தமாக வைத்திருக்கும் ஏற்பாடு. பெரும்பாலும் வேலைசெய்பவர்களின் மன ஆறுதலுக்காக. நாற்பது பேர் படுத்திருக்கும் அறையிலே நாற்பது மனநிலை இருக்கும். நிறுத்தும் பொத்தான் யாருடைய கையிலே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காதிலே குரல்கள் கேட்டுத் துன்பப்படுபவருக்கு வானொலியும் இன்னொரு குரலாகிவிடலாம். அதேவேளை, அத்தகையோர் தாமே விரும்பிய பாட்டைக் காதுக்கருவியில் கேட்டபோது அக்குரல்கள் அவர்களிற் சிலருக்குத் தணிந்ததாக 1980களில் நடந்த சிறிய ஆய்வுகள் காட்டின. கருவி கையில் இருந்தது, நிறுத்தவும் முடிந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மனநோய் மருந்துகள் சிலவற்றால் சிலருக்கு இருப்புக் கொள்ளாத நிலை ஏற்படும். இருந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார், கால் ஓரிடத்தில் நிற்காது. உள்ளே பெரிய வதை. பார்ப்பவருக்கோ நோயின் பதற்றம் போலவே தோன்றும். இவருக்கு வீணை இசையைப் போட்டு உட்கார வைப்பது கொடுமை. வேண்டியது வைத்தியர் வந்து மருந்தின் அளவைப் பார்ப்பது. இசை ஒருவரை அமைதிப்படுத்துகிறதா, அவருடைய முறைப்பாட்டை அமுக்குகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்ன இராகம் இன்ன நோய்க்கு என்ற பட்டியல்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். எடிர்னேயிலும் இத்தகைய பட்டியல் இருந்தது. அவர்கள் மகாம் என்றார்கள், நாங்கள் இராகம் என்கிறோம். நீலாம்பரியைக் கேட்டால் உறக்கம் வரும் என்பதை நான் முற்றாக மறுக்கவில்லை. நீலாம்பரி தாலாட்டுக்குரியது என்று பழகிய காதுக்கு வரக்கூடும். கிறிஸ்தவக் கீதத்திலே வளர்ந்தவருக்கும், பைலாவிலே வளர்ந்தவருக்கும், வானொலிச் சினிமாப் பாட்டைத் தவிர வேறெதையும் அறியாதவருக்கும் அது வெறும் ஓசைதான். இதைப் பற்றி எங்கள் நாட்டு அனுபவமே ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் உளநல வைத்தியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் அவர்கள், பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சிகளிலே அவரவர் மரபில் ஊறிய சொல்லையே திரும்பத் திரும்ப உச்சரிக்கச் செய்யும் முறையைக் கைக்கொண்டார். சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு இயேசுவின் நாமம், முஸ்லிம்களுக்கும் பௌத்தர்களுக்கும் அவரவர் மந்திரம். ஒரு சொல்லை எல்லாருக்கும் பொதுவாக அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வு பற்றி 2017 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பீடு, 421 பேரை உள்ளடக்கிய ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழமையான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது குறுகிய காலத்துக்கு நன்மை தெரிகிறது என்பது அதன் முடிவு. மருந்துக்குப் பதிலாக இசை என்று அது கூறவில்லை. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிய அற்புதங்களைப் பேசமுடியாது. ஒருவர் விழிக்கும் அரைமணி நேரத்தைக் கொஞ்சம் மனிதத்தன்மையுடையதாக்க அற்புதமும் தேவையில்லை.

தேவைப்படுவது மிகச் சிறியது. சிகிச்சை தொடங்குமுன், உடுப்பும் சவர்க்காரமும் கொண்டுவரும் உறவினரிடம், இவர் வீட்டிலே என்ன பாட்டுக் கேட்பார் என்று கேட்கலாம். நோயாளி பேசக்கூடிய நிலையிலே இருந்தால் அவரிடமே கேட்பது மேல். தேவாரமோ, கீதமோ, பழைய சினிமாப் பாட்டோ, இரண்டு மூன்றைக் காகிதத்திற் குறித்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிற காலம் இது, செலவும் இல்லை. பாட்டைத் தாழ்ந்த குரலில் வைத்துவிட்டு, வைத்தவர் அங்கேயே ஒரு கதிரையில் இருக்க வேண்டும். இந்தக் கதிரைதான் கடினமான பகுதி. பாட்டுக்குச் செலவில்லை, இருப்பவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகையினாலேதான் பல இடங்களில் பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தாதியர் தொகை போதாத விடுதியிலே தாயோ சகோதரனோ அந்தக் கதிரையில் இருக்க ஏன் அனுமதிக்கக் கூடாது என்பது எனக்கு இன்னும் விளங்காத விடயம்.

பாட்டே வேண்டாம், சத்தமில்லாமல் விடுங்கள் என்பவரும் இருப்பார். அதையும் அந்தக் காகிதத்திலேயே குறித்துக்கொள்ளலாம். கதிரை மட்டும் அங்கே இருக்கட்டும்.